பங்களாவுக்குச் செல்வோம், லயத்தின் வழியாக

வித்துராவுக்கு மேலே உள்ள போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தின் பழைய பங்களாவைப் பற்றி அவ்வப்போது ஒரு காணொளியாவது கண்ணில் பட்டுவிடுகிறது. பாழடைந்த அறைகள், பெயர்த்தெடுக்கப்பட்ட கதவு சன்னல்கள், சுற்றிலும் மூடுபனி, இவற்றோடு ஒரு வெள்ளைக்காரச் சிறுமியின் ஆவியைப் பற்றிய கதை. அண்மையில் ஆய்வு மாணவர்களிடையே நடந்த உரையாடலொன்றில், இக்கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்க வேண்டும் என்று நண்பரொருவர் வாதிட்டார். எனக்கும் அதில் உடன்பாடே. ஆனால் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடம் எது என்பதில் அவரோடு வேறுபடுகிறேன்.

மொழியியல் படித்தவன் என்பதால் சொற்களிலிருந்து தொடங்குகிறேன். ‘பங்களா’ என்பது வங்காளத்து வீடு என்று பொருள்படும் சொல். சரிந்த கூரையுடைய அந்நாட்டுக் குடிலின் பெயரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் எடுத்துக்கொண்டனர்; அது அதிகாரிகளின் இல்லத்துக்குரிய பெயராக உயர்ந்து, 1870-ஐ ஒட்டி இங்கிலாந்தின் கென்ட் கடற்கரை வரை சென்று சேர்ந்தது. ‘லயம்’ இதற்கு எதிர்த்திசையில் பயணம் செய்த சொல். வரிசை என்னும் பொருளுடைய ‘லைன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லே இலங்கை மலையகத்தில் ‘லயன்’ என்றும் இங்குள்ள மலைகளில் ‘லயம்’ என்றும் வழங்குகிறது. எளியவரின் குடிலுக்குரிய இந்தியச் சொல் துரையின் வீட்டுக்குப் பெயராயிற்று. படைவீரர் குடியிருப்புக்கு வழங்கிய ஆங்கிலச் சொல் தொழிலாளியின் வீட்டுக்குப் பெயராயிற்று. தோட்டத்தின் சமூக அமைப்பு இவ்விரு சொற்களிலேயே பதிவாகியிருக்கிறது.

கட்டடங்களும் இதையே கூறுகின்றன. மலைத்தோட்டத்துப் பங்களா பொதுவாக உயர்ந்த மேட்டில், சரிவு முழுவதும் கண்ணில் படும்படி அமைந்திருக்கும். கணப்படுப்பு, புகைபோக்கி, புல்வெளி என இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகையை நினைவூட்டும் கூறுகள் அதில் இருக்கும். லயமோ ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பிரிக்கப்பட்ட அறைகள். குடும்பத்துக்கு ஓர் அறை, ஒரு சிறு அடுப்படி. மேட்டிலுள்ள வீட்டின் வசதிக்கான பணம், சரிவிலுள்ள அறைகளில் வாழ்ந்தவர்களின் உழைப்பிலிருந்து வந்தது. ஆகவே இரண்டையும் ஒரே கட்டட அமைப்பின் இரு பகுதிகளாகவே நான் கொள்கிறேன்.

இங்கிலாந்திலேயே இக்கேள்வி இப்போது எழுப்பப்படுகிறது. யார்க்‌ஷயரிலுள்ள ஹேர்வுட் மாளிகை 1759-இல் கட்டத் தொடங்கப்பட்டது. ராபர்ட் ஆடமின் உள்ளலங்காரத்துக்காகப் புகழ்பெற்றது. அதைக் கட்டிய லசெல்ஸ் குடும்பத்தின் செல்வம், கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களோடும் அடிமை உழைப்போடும் பின்னிப்பிணைந்தது. தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமைமுறையோடும் இருந்த தொடர்புகளைப் பட்டியலிட்டு, நேஷனல் டிரஸ்ட் 2020-இல் அறிக்கை வெளியிட்டது. அதற்குக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. அழகை ரசிக்க வந்தவர்களிடம் கணக்குப் புத்தகத்தை ஏன் காட்டுகிறீர்கள் என்பதே எதிர்த்தோர் பலருடைய வாதத்தின் சாரம். கணக்கு தெரியாமல் கட்டடத்தைப் புரிந்துகொள்ள இயலாது என்பதே என் மறுமொழி.

வேல்ஸிலுள்ள எர்டிக் மாளிகை எனக்கு நல்ல முன்மாதிரியாகத் தோன்றுகிறது. அதன் உரிமையாளர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தம் பணியாளர்களை ஓவியங்களாகத் தீட்டச் செய்து, ஒவ்வொருவரைப் பற்றியும் செய்யுளும் எழுதிவைத்தனர். 1973-இல் அம்மாளிகை நேஷனல் டிரஸ்டின் கைக்கு வந்த பின்னர், பார்வையாளர்கள் பணிமனைகளின் வழியாகவும் பணியாளர் பகுதியின் வழியாகவும் உள்ளே செல்லும்படி பாதை அமைக்கப்பட்டது. தச்சர் பட்டறையைக் கடந்த பிறகு விருந்துக்கூடத்தைக் காணும் கண் வேறாகத்தான் இருக்கும்.

போணக்காட்டுக்கு நான் பேச்சுவழக்குத் தரவுகள் சேகரிக்கச் சென்றிருந்தேன். அகத்தியகூடத்துக்கு ஏறுவோர் புறப்படும் இடம் அது. தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று மரபு போற்றும் முனிவரின் மலையடியில், தேயிலை பறிக்க வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பேசும் தமிழைக் கேட்க விரும்பினேன். லயத்து மூதாட்டி ஒருவர் என் ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்துவிட்டுக் கேட்டது இதுதான்: “மழைக்கு முன்னாடி கூரைக்கு ஷீட்டு போட்டுக் குடுப்பாங்களா தம்பி? கேட்டுச் சொல்லுங்க.” என்னிடம் விடை இல்லை. சற்று நேரத்தில், பங்களாவுக்கு வழி கேட்டு இரண்டு இளைஞர்கள் வண்டியில் வந்தார்கள். அவர்தான் எழுந்து வந்து வழி காட்டினார்.

தொழிலாளர்க்குக் குடியிருப்பு அமைத்துத் தருவதும் அதைப் பராமரிப்பதும் உரிமையாளரின் கடமை என 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கூறியது. அக்கடமையின் நிலையை லயங்களின் கூரைகளே சொல்லும். மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் இறந்தனர். பெரும்பாலோர் தமிழர். லயம் எந்த இடத்தில், எவ்வளவு உறுதியோடு நிற்கிறது என்பது உயிரோடு தொடர்புடைய கட்டடக்கலைக் கேள்வி.

எனவே பாதுகாப்பைப் பற்றிப் பேசும் நண்பர்களுக்கு என் முன்மொழிவு இது. முதல் செலவு, மக்கள் இன்றும் வாழும் லயங்களின் கூரைக்கு ஆகட்டும். இரண்டாவதாக, லயங்களின் தரைப்படங்களையும் அங்கு வாழ்ந்தவர்களின் நினைவுகளையும் அவர்கள் சொற்களிலேயே ஆவணப்படுத்துவோம். அப்பணிக்கு மொழியியல் மாணவர்களும் கட்டடக்கலை மாணவர்களும் சேர்ந்தே செல்ல வேண்டும். பங்களா மூன்றாவதாக வரட்டும். பெயர் தெரியாத ஒரு சிறுமியின் ஆவிக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கேனும், பெயரும் முகவரியும் உள்ளவர்களுக்குக் கிடைக்கட்டும்.

மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள், உரையாடுவோம்.