கடைக்காரருக்குத் தெரியுது, பக்கத்து வரப்புக்குத் தெரியல

எங்க ஊர்ல யார் வயல்ல புகையான் விழுந்திருக்கு, யாருக்கு எந்த மருந்து அடிச்சும் கேட்கலைங்கிற விவரம் முழுசா தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான். பூச்சிமருந்துக் கடைக்காரர். எல்லாரும் தனித்தனியா போய் அவர்கிட்ட சொல்றோம். பக்கத்து வரப்புக்காரர்கிட்ட மூச்சு விடுறதில்ல. விளைஞ்சா கண்ணு படும், விளையலன்னா இளக்காரம் பண்ணுவாங்கன்னு பயம். அதனால முதல் ஆளுக்குக் கேட்காத மருந்தையே பத்தாவது ஆளும் காசு குடுத்து வாங்கிட்டு வர்றார். கடைக்காரரைக் குத்தம் சொல்லல, அவர் தொழில் அது.

உழவர் குழுன்னு ஒண்ணு வச்சிருக்கோம். கூட்டம் போட்டா மானியம் எப்ப வரும், உரம் எப்ப வரும்னுதான் பேச்சு. “இந்தப் போகம் உன் வயல்ல எது சரியா வரல?”ன்னு ஒருத்தரும் கேட்கிறதில்ல. பட்டணத்து ஆபீஸ்லயும் இதே கதைதான்னு என் தங்கச்சி மகன் சொல்றான்.

இந்தோனேசியாவுல 1986ல நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிமருந்துகளை அரசாங்கமே தடை பண்ணுச்சு. மருந்து அடிக்க அடிக்க புகையானைத் தின்கிற சிலந்தியெல்லாம் செத்து, புகையான்தான் பெருகுச்சு. தடையோட நிக்காம 1989ல உழவர் வயல்வெளிப் பள்ளி ஆரம்பிச்சாங்க. வாரம் ஒரு நாள் இருபத்தஞ்சு பேர் போல வயல்ல இறங்குவாங்க. தூரை விலக்கிப் பார்த்து புகையான் எத்தனை, சிலந்தி எத்தனைன்னு எண்ணுவாங்க. அதைப் பெரிய தாள்ல படமா வரைஞ்சு எல்லார் முன்னாடியும் வச்சு, மருந்து வேணுமா வேண்டாமான்னு வாதாடுவாங்க. ஒருத்தர் வயல் நிலவரம் எல்லாருக்கும் பாடம்.

அதே பேர்ல நம்ம பக்கமும் நடக்குது. நான் போன ஒண்ணு ரெண்டுல ஒருத்தர் பேசினார், நாங்க கேட்டோம், கையெழுத்து போட்டு டீ குடிச்சுட்டு வந்தோம். வயல்ல கால் வைக்கல.

பெருசா ஒண்ணும் வேண்டாம். குழுக் கட்டடச் சுவர்ல ஒரு கரும்பலகை போதும். என்ன ரகம், என்ன பூச்சி, என்ன அடிச்சோம், கேட்டுச்சா இல்லையான்னு வாராவாரம் எழுதணும். தன் நஷ்டத்தை யாருய்யா சுவர்ல எழுதுவான்னு கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். பேர் வேண்டாம், எந்த வாய்க்கால் பக்கம்னு மட்டும் எழுதுனா போதும். தலைவர் முதல்ல அவர் வயல் விவரத்தை எழுதட்டும், மத்தவங்க கை தானா வரும்.

அடுத்த கூட்டத்துல இதைச் சொல்லப் போறேன். சாக்பீஸ் என் செலவு.