விசுவாசம் வண்டிக்கு அல்ல

நம்பகமான பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு வேறொரு கம்பெனியின் வண்டியை வாங்குவது துரோகமாகுமா? ஆகும் என்கிறார்கள் என் இலக்கிய நண்பர்கள். நுகர்வுக் கலாச்சாரத்தைக் கண்டித்து மேடைதோறும் முழங்குகிறவர்கள், விளம்பரங்களின் மாயையை அவிழ்த்துக் காட்டிக் கட்டுரை எழுதுகிறவர்கள், நான் ஒரு வணிகப் பெயரை மாற்றப் போகிறேன் என்றதும் 'விசுவாசம்', 'ஆன்மா', 'துரோகம்' ஆகிய சொற்களைக் கூச்சமில்லாமல் எடுத்து வீசுகிறார்கள். விளையாட்டாகச் சொன்னதை இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். தமிழ் படித்து, தமிழ் கற்பித்துப் பிழைப்பவன் நான். சொற்கள் எங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன என்று கவனிப்பது என் தொழில்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கொடுக்கப் போகும் வண்டியின் பெயரையும் வாங்கப் போகும் வண்டியின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் இது இரண்டு கம்பெனிகளின் அபிமானிகளுக்கு இடையிலான குழாயடிச் சண்டையாக முடியும். 18 ஆண்டுகள் ஓட்டினேன். தனுஷ்கோடிக்கும் வால்பாறைக்கும் ஹம்பிக்கும் போய் வந்தேன். ஒருமுறையும் அது என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை. வண்டியின் மீது எனக்கு ஒரு குறையும் கிடையாது.

குறை இந்தக் காற்றில் இருக்கிறது. நான் வசிப்பது எக்கியார்குப்பத்தில். 2023 மே மாதத்துக் கள்ளச்சாராயச் சாவுகளால் செய்தித்தாள்களில் அடிபட்ட மீனவ ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிகளில் கும்பலாகப் பறக்கும் வண்டிக்காரர்களுக்கு இது ஒரு பெயர்ப்பலகை. அதுவும் கண்ணில் பட்டால். கடலும் மரக்காணத்து உப்பளங்களும் சேர்ந்து அனுப்பும் இந்தக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்பதை வண்டிப் புராணம் பாடுகிறவர்கள் அறியமாட்டார்கள். முதலில் ஸ்போக்ஸ் கம்பிகளின் மினுக்கம் போகும். பிறகு ரிம்மில் புள்ளி விழும். சைலன்சர் அடிப்பக்கமாக அரிக்கும். வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டாலும் செயினின் கணுக்கள் இறுகிப்போகும். வயரிங் இணைப்புகளில் பச்சை பூக்கும். மழை நாளில் ஹெட்லைட் தன் இஷ்டத்துக்கு எரியும். இவையெல்லாம் மாற்றக்கூடியவை, மாற்றினேன். கடைசியில் உப்பு சேஸிஸுக்குள் இறங்கும். வெளியே பெயிண்ட் அப்படியே இருக்க, குழாயின் உட்புறத்திலிருந்தும் வெல்டிங் ஓரங்களிலிருந்தும் தின்னத் தொடங்கும்.

இத்தனை ஆண்டுகளாக என் வண்டியைப் பார்த்துவரும் மரக்காணத்து மெக்கானிக் பாய் சென்ற மாதம் ஸ்பேனரால் சேஸிஸைத் தட்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்ஜின நான் பாத்துக்குவேன் சார். சேஸிஸ உப்பு பாத்துக்கிச்சு. நீங்க தனியாப் போறதே எனக்குப் பயமா இருக்கு. வீட்டுல அம்மாவ இதுல ஏத்தாதீங்க." அந்த வண்டியை முற்றாக அறிந்த ஒரே மனிதரின் தீர்ப்பு இது. நண்பர்கள் இதை எதிர்த்துத்தான் மேல்முறையீடு செய்கிறார்கள். வாங்குவதானால் அதே கம்பெனியில் வாங்கு என்கிறார்கள். அவர்களுடைய வாதங்களை வரிசையாகப் பார்த்துவிடலாம்.

முதல் வாதம், 'நம்ம ஊர் வண்டி' என்பது. தமிழ்நாட்டில் இந்த வாதம் எப்போதும் புல்லட்டின் மீது ஏறித்தான் வரும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். புல்லட் என்ற பெயர் 1932-இல் இங்கிலாந்தில் பிறந்தது. ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியின் பிள்ளை. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக அதை வாங்கியதைத் தொடர்ந்து 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அந்தக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் தாய்க் கம்பெனியே இல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் சென்னையில் பிழைத்தது. 1994-இல் அது ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. பின்னர் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் வந்தன. சித்தர் கதைகளில் வரும் கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையில் வணிகப் பெயரைப்போலத் தேர்ந்தவர் யாருமில்லை. பழைய கூட்டோடு கிடந்த தொழிலாளிக்கு அது எந்த விசுவாசத்தையும் காட்டியதில்லை.

சரி, இன்று அது நம் மண்ணில்தானே உருவாகிறது? உருவாகிறது. பி.எம்.டபிள்யூ. என்ற ஜெர்மானியப் பெயர் தாங்கிய 310 சிசி வண்டிகள் ஒசூரில் டி.வி.எஸ். ஆலையிலிருந்து வந்தன. ஜப்பானியப் பெயர் தாங்கிய யமஹாவுக்கும் வல்லம் வடகாலில் ஆலை இருக்கிறது. 2018 செப்டம்பரில் அந்த வட்டாரத்தில் யமஹா தொழிலாளர்களும் ராயல் என்ஃபீல்டு தொழிலாளர்களும் சில நாள் இடைவெளியில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரே வெயில், ஒரே சாலை. 'நம்ம ஊர் வண்டி' என்று மார்தட்டுகிறவர்கள் எத்தனை பேர் அப்போது அந்த ஆலை வாசலை எட்டிப் பார்த்தார்கள்? ஊர்ப்பற்றுக்கு உரியவர்கள் அந்த வாசலில் நின்றார்கள். டேங்க்கில் ஒட்டியிருக்கும் எழுத்தில் அவர்கள் இல்லை.

இரண்டாவது வாதம் நன்றியுணர்ச்சி. இத்தனை தூரம் சுமந்த வண்டிக்கு இதுவா கைம்மாறு என்கிறார்கள். வண்டியை நேசிப்பதை நான் மறுக்கவில்லை. 18 ஆண்டுகள் உடலோடு ஒட்டிக் கிடந்த பொருளின் மீது பற்று வராதவனிடம் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பற்று என் வண்டியோடு முடிகிறது. அதைச் செய்து விற்ற கம்பெனிக்கு எப்படி அது வாரிசுரிமையாகப் போகும்? பழைய புல்லட்காரர் புதிய புல்லட் வாங்கினால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டிகம்ப்ரஷரை அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக் கிக்கரை உதைக்கும் சடங்கு அதில் இல்லை. வலக்காலில் இருந்த கியர் எப்போதோ இடக்காலுக்குப் போய்விட்டது. வார்ப்பிரும்பு இன்ஜின் 2010 வாக்கில் விடைபெற்றது. 2020 ஏப்ரலில் புதிய புகை விதிகள் வந்தபோது கார்புரேட்டரும் போயிற்று. 2023-இல் வந்த புல்லட்டுக்கு இன்ஜினும் சட்டகமும் புதியவை. மாற்றங்கள் எல்லாம் நல்லதற்கே என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியே தன் பழைய வண்டியை இவ்வளவு தூரம் கடந்து வந்துவிட்ட பிறகு, நான் பக்கத்துக் கடைக்குப் போனால் மட்டும் துரோகமா?

இங்கே ஒளவையாரை அழைத்தாக வேண்டும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். உப்பு வண்டிகள் புறப்பட்ட கரை இது. அந்த உமண வணிகர்கள் தங்கள் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்பது புறநானூற்றின் 102ஆம் பாட்டிலிருந்து நமக்குத் தெரிகிறது. வழியில் மேடு பள்ளம் எப்படியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அச்சு முறியலாம், முறிந்தால் மாற்ற வேண்டும். தங்கள் வண்டி முறியவே முறியாது என்று அவர்கள் நம்பவில்லை. அதனால்தான் உப்பு ஊர் போய்ச் சேர்ந்தது. ஒளவையார் அந்தச் சேம அச்சை எடுத்து ஒரு மனிதனுக்கு, பொகுட்டெழினிக்கு, உவமையாக்கினார். ஆபத்தில் உதவும் மனிதனைப் புகழ ஒரு பொருளைத் துணைக்கு அழைத்தார். நாமோ ஒரு பொருளைப் புகழ, மனிதருக்கு உரிய சொற்களை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். செய்ந்நன்றியறிதலைப் பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரம் எழுதியது கம்பெனிகளுக்காக என்று எந்த உரையாசிரியரும் சொன்னதாகத் தெரியவில்லை.

நன்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடமையைப் பற்றியும் பேச வேண்டும். என் பழைய வண்டிக்கு இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டது. ஈரச் சாலையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. விடியற்காலையில் தலையில் மீன் கூடையோடு கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கும் பெண்களை இங்கே நாள்தோறும் பார்க்கிறேன். அரித்த சேஸிஸும் தேய்ந்த டிரம்மும் கொண்ட வண்டியை 'விசுவாசத்தின்' பெயரால் நான் ஓட்டினால், அந்த விசுவாசத்துக்கான வட்டியைக் கட்டப் போகிறவள் அவள். அடுத்தவர் எலும்பை அடகு வைத்துக் காட்டும் நன்றி எனக்கு வேண்டாம்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவதே நுகர்வுவெறிக்கு எதிரான செயல். மாற்றுவது சந்தையின் வலையில் விழுவது. முதல் பாதியை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 18 ஆண்டுகள் அதைச் செய்தேன். இரண்டாம் பாதியைச் சொல்கிறவர்கள் வலை எங்கே விரிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கவில்லை. வண்டி விற்பதோடு நில்லாமல், அதே பெயரில் சட்டையும் தொப்பியும் கையுறையும் திருவிழாவும் விற்கிறது சந்தை. பெயரின் மீதான விசுவாசம் அதன் மிக விலையுயர்ந்த சரக்கு. அது ஒருவழிப் பாதை என்பதை ஹார்லி டேவிட்சன் அபிமானிகள் 2020 செப்டம்பரில் தெரிந்துகொண்டார்கள். ஹரியானாவின் பாவலில் இருந்த ஆலையை மூடுவதாக அறிவித்த கம்பெனி, தோலில் தன் சின்னத்தைப் பச்சை குத்திக்கொண்டவர்களிடம் அனுமதி கேட்கவில்லை. மைசூரின் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டது. அதன் பிறகும் ஜாவா, எஸ்டி வண்டிகளை ஓடவைத்தவர்கள் தெருமுனை மெக்கானிக்குகள். 2018-இல் ஜாவா என்ற பெயரும் 2022-இல் எஸ்டி என்ற பெயரும் வேறு கம்பெனியின் வழியாகத் திரும்பி வந்தன. மைசூர் ஆலை திரும்பி வரவில்லை.

மோட்டார் சைக்கிளை வைத்து எழுதப்பட்ட நூல்களில் நம் நண்பர்கள் அதிகம் மேற்கோள் காட்டுவது ராபர்ட் பர்சிக் 1974-இல் வெளியிட்ட ஜென் நூலைத்தான். தன் வண்டி எந்தக் கம்பெனி என்று அதில் அவர் சொல்வதேயில்லை. உடன் வரும் நண்பரின் பி.எம்.டபிள்யூ.வில் ஹேண்டில்பார் நழுவுகிறது. பீர் டப்பாத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி வைத்தால் போதும் என்கிறார் கதைசொல்லி. தன் உயர்ந்த ஜெர்மன் வண்டிக்கு பீர் டப்பாவா என்று நண்பர் மனம் புண்படுகிறார். வண்டியைப் பேணுகிறவனுக்கும் பெயரைப் பூசிக்கிறவனுக்கும் உள்ள தொலைவு அந்தத் தகட்டின் கனம்தான். சே குவேராவின் படம் போட்ட பனியனோடு வண்டியோட்டும் தோழர்களுக்கும் ஒன்றை நினைவூட்டலாம். 1952-இல் அவரும் அல்பெர்ட்டோ கிரனாடோவும் ஏறிவந்த நார்ட்டன் சிலி நாட்டில் உயிரை விட்டது. அவர்கள் லாரி ஏறியும் நடந்தும் பயணத்தைத் தொடர்ந்தார்கள். சுகிகமாட்டா செப்புச் சுரங்கத் தொழிலாளர்களைச் சந்தித்தது வண்டி போன பிறகுதான். நார்ட்டனுக்கு விசுவாசமாக அங்கேயே உட்கார்ந்திருந்தால் நமக்குப் பனியன்கூட மிஞ்சியிருக்காது.

நண்பர்கள் யாரும் எழுப்பாத வாதம் ஒன்று உண்டு. உண்மையில் எனக்கு வலிப்பது அதுதான். பழைய வண்டியைப் பாய் கண்ணாலும் காதாலும் படித்தார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினார். பாயிண்ட் இடைவெளியைக் கைக்குக் கிடைத்த அட்டைத் துண்டு வைத்து அளந்தார். புதிய வண்டிகளில் பியூயல் இன்ஜெக்‌ஷனும் சென்சார்களும் வந்துவிட்டன. கோளாறைக் கண்டுபிடிக்கக் கம்பெனியின் கருவி வேண்டும், அது சர்வீஸ் சென்டரில் இருக்கும். மரக்காணத்துப் பட்டறைகளில் ஒரு தலைமுறையின் கைத்திறன் இப்படித்தான் வெளியே தள்ளப்படுகிறது. பழுதுபார்க்கும் உரிமை குறித்து மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் வரம்பில் மோட்டார் வாகனங்களும் இருந்தன. சர்வீஸ் கையேட்டையும் கருவியையும் உதிரிப் பாகங்களையும் எல்லா மெக்கானிக்குக்கும் நியாய விலையில் கொடு என்று வண்டிக்காரர்கள் சேர்ந்து கேட்க வேண்டிய நேரம் இது. எல்லாக் கம்பெனியிடமும் கேட்க வேண்டியது. பெயர்களுக்காக அடித்துக்கொள்கிற கூட்டத்தால் இந்தக் கோரிக்கையை ஒருநாளும் ஒன்றாக எழுப்ப முடியாது. கம்பெனிகளுக்கும் அது வசதி.

ஆகவே என் முடிவு இது. நன்றாக நிற்கிற வண்டி, நாங்கள் இருவரும் அச்சமின்றி ஏறிப்போகிற வண்டி, உதிரிப் பாகம் திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ கிடைக்கிற வண்டி, எஞ்சியிருக்கும் வேலைகளுக்காவது பாய் கைவைக்க முடிகிற வண்டி. இந்த நான்கும் பொருந்தியது வேறு கம்பெனியில் அமைந்தது, வாங்குகிறேன். பத்து ஆண்டு கழித்து உப்பு இதையும் தின்றிருக்கும். அப்போது மூன்றாவது கம்பெனிக்கும் போவேன். பழைய வண்டியின் இன்ஜினும் கியர்பாக்ஸும் பாயின் பட்டறைக்குப் போகின்றன. அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் யாருக்கோ ஒருநாள் அவை சேம அச்சாகும். விசுவாசத்தை யாருக்காவது காட்டியே தீரவேண்டும் என்றால், நண்பர்களே, அந்தப் பட்டறைக்கு ஒருமுறை வாருங்கள்.