வளர்ந்த மகள்களின் தாய்க்கு நேரம் மிகுதி என்னும் பொய்

நம் உயர்கல்வி நிறுவனங்களின் அகராதியில் தாய்மை என்பது மகப்பேற்று மருத்துவமனையில் தொடங்கி மழலையர் பள்ளியின் வாசலில் முடிந்துவிடுகிறது. 2017ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டத் திருத்தம் 26 வார விடுப்பைத் தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆயினும் அவற்றின் பின்னால் நிற்கும் சித்திரம் ஒன்றுதான்: தொட்டிலில் ஒரு குழந்தை, அருகில் ஒரு தாய். அந்தக் குழந்தைக்கு 14 வயதாகும்போது தாய் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பது பற்றிப் பணியிடத்துக்கும் கவலையில்லை, ஆய்வுலகத்துக்கும் கவலையில்லை. "பிள்ளைகள்தாம் வளர்ந்துவிட்டார்களே, இனி என்ன தடை?" என்று ஆய்வுக்குழுக்களில் எழும் கேள்வியை அன்பான விசாரிப்பாக எடுத்துக்கொள்ளப் பழகியிருக்கிறோம். அது விசாரிப்பன்று, தீர்ப்பு. அத்தீர்ப்பை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். தில்லியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், ஐந்தாம் ஆண்டு. வீட்டில் 17 வயதிலும் 14 வயதிலும் இரு மகள்கள். மூத்தவள் வரைகிறாள். இளையவள் கதை எழுதுகிறாள். எழுதிய கதைக்குள் பாட்டும் வைத்து, மெட்டும் தானே போட்டுக் கைப்பேசியில் பதிவு செய்கிறாள். இருவரும் மேதைகள் என்று நான் சொல்ல வரவில்லை. நாள்தோறும் எதையோ ஒன்றை உண்டாக்காமல் இருக்க முடியாத பிள்ளைகள், அவ்வளவுதான். அடுக்களையில் தாளிக்கும் வாடையோடு டர்பன்டைன் வாடையும் கலந்திருக்கும். தேநீர்க் குவளை எது, தூரிகை கழுவிய குவளை எது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கைக்குழந்தையின் தேவைக்கு ஒரு கால அட்டவணை உண்டு. பாலுக்கு ஒரு நேரம், உறக்கத்துக்கு ஒரு நேரம். பதின்பருவ மகளுக்குத் தாயின் கையைவிடக் காதுதான் அதிகம் தேவைப்படுகிறது. அந்தக் காது எப்போது தேவைப்படும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. நான் அடிக்குறிப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இரவு பதினொன்றேமுக்கால் மணிக்கு இளையவள் ஒரு தாளோடு வந்து நிற்பாள். "அம்மா, இந்த இடம் மட்டும் பொய்யா இருக்கிற மாதிரி இருக்கா?" என்பாள். இதற்கு விடை சொல்வது எளிதென்று நினைப்பவர்கள் முயன்று பார்க்கட்டும். "நல்லா இருக்கு" என்றால் நான் படிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "ஆமாம், பொய்யாத்தான் இருக்கு" என்பதைத் தவறான குரலில் சொன்னால் அந்த நோட்டு ஒரு மாதம் மெத்தைக்கடியில் கிடக்கும். ஓர் ஆய்விதழுக்கு வந்த கட்டுரையை மதிப்பிடும்போது எந்த அறிவைச் செலவிடுகிறேனோ, அதே அறிவைத்தான் இங்கும் செலவிடுகிறேன். முன்னது என் கல்விச் செயல்பாட்டுப் பட்டியலில் ஒரு வரியாகிறது. பின்னது பெயரற்றுக் கிடக்கிறது.

பள்ளியோடு பேசுவது தனி வேலை. பொதுத்தேர்வு முடியும்வரை தூரிகைகளைக் கட்டி உள்ளே வைத்துவிடுங்கள் என்ற அறிவுரை மூத்தவளுக்கு வந்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 12ஆம் வகுப்பில் ஓவியம் மதிப்பெண்ணுள்ள ஒரு பாடம் என்பதை, அப்பாடத்தை மாணவர்களுக்குத் தரவேண்டியவர்களிடமே எடுத்துச் சொல்ல மூன்று சந்திப்புகள் வேண்டியிருந்தன. மூன்றுக்கும் நான்தான் போனேன். அழைப்புகள் தாயின் எண்ணுக்கே வருகின்றன. தந்தையின் எண்ணும் அதே படிவத்தில்தான் இருக்கிறது.

இதனோடு தில்லியின் மாலைப்பொழுதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டி ஹவுஸ் பக்கம் நடக்கும் நாடகப் பயிற்சி முடிய இரவு ஏழரை ஆகும். டிசம்பரில் ஐந்தரைக்கே இருட்டிவிடுகிற ஊர் இது. மகனாக இருந்தால் மெட்ரோ அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்போம். மகள் என்பதால் ஒருவர் உடன் போய், வெளியே காத்திருந்து, உடன் திரும்ப வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு பெண்பிள்ளை கலை பயில்வதற்கு இந்நகரம் விதிக்கும் வரியை அவளுடைய தாய் மணிக்கணக்கில் செலுத்துகிறாள். படைப்பூக்கம் பற்றிய நம் கருத்தரங்குகளில் இந்த வரியைப் பற்றி ஒரு கட்டுரையும் வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு எண்ணிக்கையும் உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். 2024ஆம் ஆண்டு ஆய்வில் இது முறையே 289, 88. ஐந்தாண்டுகளில் பெண்ணின் சுமை 10 நிமிடம் குறைந்தது என்று மகிழ்வதற்குள், ஆணின் பங்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டது. இந்த ஆய்வுகள் இல்லாவிட்டால் நாம் பேசவே இயலாது. அவற்றின்மீது எனக்கு மதிப்புண்டு. ஆனால் அவை நாளை அரைமணி நேரக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒரு கட்டத்துக்குள் 10 நிமிடமாவது நீடித்த செயலே கணக்கில் ஏறும். இரவு உணவுக்குச் சப்பாத்தி போட்டுக்கொண்டிருக்கும்போது நான்கு நிமிடம் நின்று, ஒரு ஓவியத்தின் நிழல் எந்தப் பக்கம் விழவேண்டும் என்று விவாதித்துவிட்டுப் போகும் மகளுக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. அங்கே பதிவாவது சப்பாத்தி மட்டும்தான்.

பெண்ணியக் கோட்பாடு இதைக் காப்பாற்றியிருக்க வேண்டும். நம் பாடத்திட்டங்களில் அட்ரியன் ரிச் இருக்கிறார். 1989இல் சாரா ரட்டிக் எழுதிய 'தாய்மைச் சிந்தனை' நூலும் பல இடங்களில் இருக்கிறது. பிள்ளையைக் காத்தல், வளர்த்தெடுத்தல், சமூகம் ஏற்கும்படி ஆக்குதல் என்னும் மூன்று கோரிக்கைகளுக்கு இடையே நின்று தாய் ஒரு தனித்த சிந்தனை முறையையே உருவாக்கிக்கொள்கிறாள் என்பது ரட்டிக்கின் வாதம். படைக்கும் மகள் இருக்கும் வீட்டில் இம்மூன்றும் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. அவள் வளர வேண்டுமானால் சமூகம் ஏற்காததை வரைய விட வேண்டும். காக்க வேண்டுமானால் அதை இணையத்தில் இடாதே என்று சொல்ல வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறையாவது இந்த முடிச்சை அவிழ்க்கிறேன். இந்நூலைப் பாடமாக நடத்துகிற அதே துறைகளில், தாய் என்றால் ஆணாதிக்கத்தை மகளுக்குக் கடத்துகிற முகவர் என்னும் சித்திரம்தான் ஆய்வேடுகளில் வரிசையாக வந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட தாய்மார் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் முகவராக இல்லாத நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பதற்கு நமக்கு ஏன் பொறுமையில்லை?

கலை வரலாற்றிலும் இதே கதைதான். ஜெய்ப்பூர் ஹவுசில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அம்ரிதா ஷேர்கில்லின் ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். 1913இல் புடாபெஸ்டில் பிறந்தவர். தாய் மரி அந்துவானெத் ஹங்கேரியர், இசை பயின்றவர். 1921இல் குடும்பம் சிம்லாவுக்கு வருகிறது. அம்ரிதாவும் ஓராண்டு இளையவரான தங்கை இந்திராவும் பியானோவும் வயலினும் கற்கிறார்கள். 1924இல் அம்ரிதாவின் ஓவியப் படிப்புக்காகத் தாய் அவரை ஃபிளாரன்சுக்கு அழைத்துச் சென்று, சில மாதங்களில் திரும்புகிறார். 1929இல் குடும்பமே பாரிசுக்குப் பெயர்கிறது; அப்போது மகள்களுக்கு 16 வயதும் 15 வயதும். (வர்ஜீனியா வுல்ஃப் தமக்கென ஓர் அறையைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். அந்த அறையைப் பெருக்குவது யார் என்னும் கேள்வி இன்றுவரை நிலுவையில் இருக்கிறது.) 1932இல் அம்ரிதா வரைந்த 'இளம் பெண்கள்' மறு ஆண்டு பாரிஸ் சலோனில் பரிசு பெறுகிறது. அவ்வோவியத்தில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவர் இந்திரா.

அந்த ஐந்து பாரிஸ் ஆண்டுகளில் அவ்வீட்டின் அன்றாடம் எப்படி நடந்தது? ஒருத்தி வரைய, ஒருத்தி பியானோ வாசிக்க, இருவரின் வயதுக்குரிய சீற்றங்களும் காதல்களும் நடக்க, அந்நிய நகரில் அந்த வீட்டை நடத்தியவர் எதைக் கைவிட்டார்? தம் இசையை எந்த ஆண்டில் மூடி வைத்தார்? நாம் கேட்பதில்லை. மரி அந்துவானெத் 1948இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த முடிவிலிருந்து பின்னோக்கிப் படித்து, ஆசை மிகுந்தவர், அலைக்கழிந்தவர், மகளின்மீது தம் கனவைச் சுமத்தியவர் என்று அவரைச் சொல்லிவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது. தந்தை உம்ராவ் சிங் ஒளிப்படக் கலைஞர். மனைவியையும் மகள்களையும் இடையறாது படமெடுத்தவர். அவருடைய பார்வையை ஆராய நமக்குக் கோட்பாடுகள் உள்ளன. அந்தப் படங்களுக்குள் இருக்கும் தாயின் நேரத்தை ஆராயத்தான் ஒன்றுமில்லை. இந்திராவோ, பிற்காலத்தில் இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த கே.வி.கே. சுந்தரத்தின் மனைவியாகவும், ஓவியர் விவான் சுந்தரத்தின் தாயாகவும் வரலாற்றில் நிற்கிறார். அவருடைய பியானோவைப் பற்றி ஒரு முனைவர் பட்டத் தலைப்புகூட எவருக்கும் தோன்றுவதில்லை. ஒரே வீட்டில் படைத்த இரு மகள்களில் ஒருத்தியை அக்காவாகவும் மற்றவளை அக்காவுக்கு அமர்ந்துகொடுத்தவளாகவும் ஆக்கியதில் நம் கலை வரலாற்றுக்கும் பங்குண்டு.

இதற்கு மாறான ஒரு வீட்டையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் பாலசரஸ்வதியின் நாட்டியத்துக்குப் பாடியவர் அவர் தாய் ஜெயம்மாள். ஜெயம்மாளின் தாய் வீணை தனம்மாள். 1925இல் ஏழு வயதில் அரங்கேறிய சிறுமியை வளர்த்தெடுத்த உழைப்பில் ஒரு பகுதியேனும் மேடையில், ரசிகர் காதுபட, கலை என்னும் பெயரோடே நடந்தது. அந்தச் சமூகத்துப் பெண்கள் பட்ட இழிவுகளை நான் மறைக்க வரவில்லை. ஆனால் அக்கலை 'மதிப்புக்குரிய' வீடுகளுக்குப் பெயர்ந்தபோது தாயின் இடமும் பெயர்ந்தது. பாட வேண்டிய தாய் சலங்கைப் பையைத் தூக்கிக்கொண்டு அரங்கத்தின் வாசலில் நிற்பவளானாள். பரதநாட்டியத்தின் சாதியப் பெயர்ச்சி பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறோமே, அந்தப் பையைப் பற்றி யார் எழுதினார்கள்?

இது நடுத்தர வர்க்கத்துப் புலம்பல் என்று சிலர் சொல்வார்கள். நேற்றே ஒரு தோழர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருபவரின் மகளுக்கும் 14 வயதுதான். அவள் தாய் நான்கு வீடுகளில் வேலை முடித்துத் திரும்பும்வரை சமையலும் தம்பியும் அவள் பொறுப்பு. அவளுக்கு வரையத் தெரியுமா, பாடத் தெரியுமா என்பது அவளுக்கே தெரிய வாய்ப்பில்லை, ஏனெனில் தெரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது வேண்டும். என் மகள்களின் மாலைக்குள் அந்தச் சிறுமியின் மாலையும் இருக்கிறது. அதனாலேயே சொல்கிறேன்: படைப்பூக்கம் என்று நாம் புகழ்வது நேரத்தின் பங்கீட்டை. அந்த நேரம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதைத் தாயின் பெயரிலும், அவளுக்குக் கீழே உழைக்கும் பெண்ணின் பெயரிலும் எழுத மறுப்பவர்களே உண்மையில் வர்க்கத்தை மறைக்கிறார்கள்.

அரசுக்கு இது தெரியாததன்று. மத்திய அரசுப் பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை, கல்வி, நோய் முதலிய தேவைகளுக்காக எடுக்கலாம். 17 வயதுப் பெண்ணுக்கும் தாய் வேண்டியிருக்கிறாள் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. தந்தையருக்கோ, தனித்து வளர்ப்பவராக இருந்தால் மட்டுமே அந்த விடுப்பு. மனைவி இருக்கும் ஆண் விதிப்படியே விலக்கப்பட்டவர்! ஆய்வு மாணவியருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் முழு ஆய்வுக்காலத்துக்கும் 240 நாள் தருகின்றன. மகப்பேற்று விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று இரண்டையும் பெயர் சொல்லியே தருகின்றன. ஆனால் மகளின் பொதுத்தேர்வு ஆண்டில் அதில் 30 நாள் கேட்டு நான் விண்ணப்பித்தபோது, பிறப்புச் சான்றிதழைப் பார்த்த அலுவலர் சிரித்தார். பிறகுதான் முன்சொன்ன அந்தக் கேள்வி வந்தது.

நன்றியுரைகளில் "தன்னலமற்ற அன்னைக்கு" என்று எழுதும் மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தன்னலமற்றவள் என்ற சொல்லை அடித்துவிட்டு, அவள் உங்கள் ஆய்வுக்குக் கொடுத்த மணிநேரத்தைத் தோராயமாகவேனும் எழுதுங்கள். தந்தை கொடுத்ததையும் அருகிலேயே எழுதுங்கள். விடுப்பு விதியை வகுப்பவர்களிடம் கேட்பது இன்னும் எளியது: அந்த 240 நாளை 18 வயதுவரை, ஒரு நாள், இரண்டு நாள் என்று பிரித்து எடுக்கலாம் என ஒரு வரி சேருங்கள்; தந்தையரான ஆய்வு மாணவர்களுக்கும் அதைத் திறந்துவிடுங்கள்.

அரைமணிக் கட்டத்துக்குப் பதிலாக ஐந்து நிமிடக் கட்டத்தில், 14 நாட்களுக்கு, எங்கள் வீட்டின் நேரக் குறிப்பேடு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். இத்தகைய குறிப்பேடுகளைச் சேர்த்து ஆராய விரும்பும் மாணவர்களுக்கு அதைத் தருவேன். தங்கள் பெயர் வரக்கூடாது என்னும் நிபந்தனையோடு மகள்கள் இருவரும் இசைந்திருக்கிறார்கள். இளையவளுக்கு மட்டும் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. அதே 14 நாளுக்கு அவளும் தனியாக ஒரு கணக்கு எழுதியிருக்கிறாளாம். அதையும் சேர்த்தே தரவேண்டுமாம். இன்னும் எனக்குக் காட்டவில்லை.