மூழ்கினாலும் மீளும் நெல்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. நகரத்தில் வடிந்த பிறகும், தென்பெண்ணை ஆற்று வெள்ளத்தால் அருகிலுள்ள பாகூர் வயல்களில் தண்ணீர் நின்றது.

காலநிலை மாற்றத்தைத் தாங்கும் பயிர் என்றதும் எல்லோரும் கேழ்வரகையும் சாமையையும்தான் சொல்கிறார்கள். மேட்டு நிலத்துக்கு அது நல்ல யோசனை. ஆனால் பாகூர் ஏரிப் பாசனத்தின் பள்ளக்கால் வயலில் கார்த்திகை மழையில் சிறுதானியம் அழுகிப்போகும். அங்கே வேண்டியது வெள்ளம் தாங்கும் நெல். ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து எடுத்த சப்1 மரபணு, இளம்பயிரை இரண்டு வாரம்வரை நீருக்கடியில் உயிரோடு வைத்திருக்கும். சி.ஆர். 1009 சப்1 என்ற நெல் ரகம் இப்படிப்பட்டதே. கதிர் வந்தபின் மூழ்கினால் அதுவும் கைகொடுக்காது. ஆகவே கதிர் வரும் காலம் வெள்ளத்தோடு மோதாதபடி நடவைத் திட்டமிட வேண்டும்.

சிறு விவசாயிக்கு இதன் கணக்கு எளிது. வெள்ளம் வராத ஆண்டிலும் விளைச்சல் குறையாது, விதையைத் தவிர வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை. பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய நெல் ரகங்களின் கணக்கு வேறு: விளைச்சல் குறைவு, கூடுதல் விலை கிடைத்தால்தான் கட்டுப்படியாகும். அந்த விலையை நகரத்து அங்காடியில் நாம் கொடுக்கிறோம். களத்து மேட்டில் அது விவசாயிக்குப் போய்ச் சேர வேண்டும். அரசு அந்தப் பாரம்பரிய நெல்லுக்குத் தனி விலை அறிவித்து, ஆடிக்குள் வெள்ளம் தாங்கும் நெல் விதையையும் பாகூரில் கொண்டுவந்து தரட்டும்.