மூன்றாவது தகுதி: துறையறி மொழிபெயர்ப்பாளரைத் தேடுதல்

ஜெர்மானிய ஒளிப்படக்கலை நூலொன்றைச் செக் மொழியில் பெயர்க்க விழைவோர், இருமொழிப் புலமையுடையாரைக் கண்டடைவதோடு தேடலை நிறுத்திவிட இயலாது. 'அப்சுக்' என்னும் ஜெர்மானியச் சொல் கழிவு, துப்பாக்கி விசை, எதிர்ச்சுருளிலிருந்து எடுக்கும் ஒளிப்படப் படி ஆகியவற்றைக் குறிக்கும். இருட்டறை வேலையறியாதவர் அகராதியை நம்பி இடறக்கூடும். மூலமொழி, பெயர்ப்புமொழி என்னும் இரண்டோடு துறையறிவு மூன்றாவது தகுதியாகிறது.

இதற்குத் தமிழிலேயே சான்றுண்டு. விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சி: 1509–1529) தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதா, திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார், ஆண்டாள் வரலாற்றைப் பாடுவது. அதனைத் தமிழாக்கி, 1989ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர் அண்டை ஊரான இராசபாளையத்தைச் சேர்ந்த மு.கு. ஜகந்நாதராஜா. பிராகிருதக் காதாசப்தசதியையும் அவர் தமிழாக்கியுள்ளார்.

தெலுங்கில் 'அவசரம்' தேவையைக் குறிக்கும். தமிழில் விரைவைக் குறிக்கும். இத்தகைய மயக்கத்தை மொழியறிவு தீர்க்கும். ஆனால், வைணவ வழக்கில் 'சேவித்தல்' வணங்குதலாகவும், 'திருக்கண்ணமுது' பாயசமாகவும் வழங்குவதைத் துறைமரபே உணர்த்தும். நூற்பெயரே 'சூடிக்கொடுத்தவள்' என்னும் பொருளது. ஆண்டாள் மரபறிந்தவருக்கே அத்தமிழ்த்தொடர் உடனே கைவரும். தெலுங்கு பேசும் குடியினர் வாழும் இராசபாளையமும், ஆண்டாள் வழிபாடு செழித்த திருவில்லிபுத்தூரும் அருகருகே அமைந்தமை அம்மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றது எனக் கருத இடமுண்டு.

இத்தகைய பொருத்தம் அரிது என்பதே மறுப்பாக எழக்கூடும். அரிதாதலாலேயே அதனைத் தற்செயலுக்கு விட்டுவிடலாகாது. ஒருவரிடம் மூன்று தகுதியும் அமையாதவிடத்து, மொழிபெயர்ப்பாளரும் துறைவல்லுநரும் இணைந்து பணியாற்றலாம். ஆங்கில வழியாகப் பெயர்த்தல் எளிதாகத் தோன்றினும், இடைமொழியில் நேர்ந்த பிழை பெயர்ப்புமொழியிலும் தொடரும். அதனை மூலத்தோடு ஒப்பிட்டுக் காண்பாரும் இரார்.

ஆகவே, தமிழ்த்துறைகள் தொகுக்கும் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் மொழியிணையோடு துறையும் பதிவாதல் வேண்டும். பணி ஒப்படைக்குமுன் மாதிரிப் பக்கமொன்றைப் பெயர்க்கச் செய்து, அதனை மொழியறிஞர் ஒருவரும் அத்துறைத் தொழிலறிந்தார் ஒருவரும் தனித்தனியே மதிப்பிடல் தகும். கல்லச்சு, பொறிப்போவியம், ஒளிப்படம் பற்றிய அயல்மொழி நூல்கள் தமிழுக்கு நேரே வருவதற்கு இதுவே உறுதியான முதற்படியாகும்.