சிறப்புக் கல்வி: தொண்டா, தொழிலா?

"பட்டம் வாங்கியதும் என்ன செய்யப் போகிறாய்?" மூன்றாமாண்டு மாணவ மாணவியர் எவரும் இந்த வினாவிலிருந்து தப்ப முடியாது. சிறப்புக் கல்வியில் பி.எட். சேரப் போவதாக நான் சொன்னதும் உறவினர் ஒருவர் நெகிழ்ந்து போனார். "உனக்கு எவ்வளவு பெரிய மனசம்மா!" என்றார். அதே மூச்சில், "சாதாரண பி.எட். படித்தால் டீச்சர் வேலையாவது கிடைக்குமே" என்றும் சொன்னார்.

இவ்விரு வாக்கியங்களுக்கும் நெருங்கிய உறவுண்டு என்பது என் துணிபு. எந்தப் பணியைத் தொண்டு என்று போற்றுகிறோமோ, அந்தப் பணிக்குக் கூலி கொடுக்க மறந்துவிடுகிறோம்.

மதுராந்தகத்தில் எங்கள் தெருவில் மூளை முடக்குவாதம் உள்ள பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். வட்டார வள மையத்திலிருந்து ஒரு பயிற்றுநர் அவன் வீட்டிற்கு வருவார். ஒரு மாதமாகச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுத் தந்துகொண்டிருந்தார். 'இதற்கு ஒரு பட்டமா?' என்று நானும் எண்ணியதுண்டு. ஒருநாள் அருகில் உட்கார்ந்து கவனித்தேன். பொத்தான் போடுவதை அவர் ஐந்து படிகளாகப் பிரித்திருந்தார். துளையைப் பார்த்தல், பொத்தானை இரு விரல்களால் பிடித்தல், துளையில் நுழைத்தல், மறுபுறம் பற்றுதல், இழுத்துவிடுதல். முதல் நான்கையும் தாமே செய்து, கடைசி இழுப்பை மட்டும் அவனிடம் விட்டார். அது கைவந்த பின் கடைசி இரண்டு, பிறகு மூன்று. இப்படிப் பின்னிருந்து முன்னாகச் சென்றால், ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவன் சிறுவனே! தோற்றோம் என்ற எண்ணத்துடன் அவன் ஒருநாளும் எழுந்திருப்பதில்லை. இரக்கம் மட்டும் உள்ளவர் பொத்தானைத் தாமே போட்டுவிட்டுப் போயிருப்பார் அன்றோ?

நன்னூல் மாணாக்கரை அன்னம் முதலாகத் தரம் பிரித்து, இல்லிக்குடத்தைக் கடையில் வைக்கிறது. அதைப் படித்துத் தேர்வெழுதியவள்தான் நானும். குடத்தில் ஓட்டை எங்கே, எதனால் என்று ஆராயும் படிப்பு ஒன்று உண்டென்பதை அந்தத் திண்ணையில்தான் அறிந்தேன். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம் எழுதுதல், பிரெயில், சைகை மொழி, மதிப்பீட்டு முறைகள் எனப் பாடங்கள் விரிகின்றன. இரண்டாண்டுப் படிப்பு இது.

தொண்டு என்ற பெயர் வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பாளையங்கோட்டையில் காது கேளாதோர்க்கான பள்ளி 1890களில் எழுந்தது கிறித்தவத் தொண்டர்களால். அரசு செய்யாததை அவர்கள் செய்தார்கள், வணங்குவோம். ஆனால் காலம் மாறிவிட்டது. இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் 1992-இல் வந்தது. அதன்படிக் கழகத்தில் பதிவு பெறாதவர் இத்தொழிலை நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை இயலாமைகளைக் கூறியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டமோ 21 வகைகளைக் கூறுகிறது. படிக்காமல் தொட்டால் சிறை என்று சொல்லும் நாடு, படித்து வந்தவர்க்கு என்ன தருகிறது? தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்திலேயே பணிபுரிந்து வந்திருக்கிறார்கள். 'சிறப்பாசிரியர்' என்ற பெயரும் அவர்களுக்கு இல்லை. ஓவியம், தையல், உடற்கல்வி ஆசிரியர்கள் அதை முன்னமே பெற்றுவிட்டார்கள்!

உச்ச நீதிமன்றம் 2021-இல் இவர்களுக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்றது. 2022-இல் மத்திய அரசு தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், உயர் தொடக்க நிலையில் 15 பேருக்கு ஒருவர் என அளவு வகுத்தது. 2025 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலங்களை மீண்டும் முடுக்க வேண்டியிருந்தது. தாளில் எழுதிய விகிதம் திண்ணைக்கு வரும் வேகம் இதுதான்.

இது நம் கல்லூரிக்குத் தொடர்பில்லாத செய்தி என்று யாரும் எண்ண வேண்டாம். பார்வையற்ற நம் நண்பர்கள் ஏன் பெரும்பாலும் தமிழிலும் வரலாற்றிலுமே இருக்கிறார்கள்? கணக்கும் அறிவியலும் அவர்களுக்குக் கற்பிக்கத் தெரிந்தவர்கள் பள்ளியில் போதவில்லை. கணிதத்துறை, இயற்பியல்துறை நண்பர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்! தமிழ் படித்தவள் போவதைவிட நீங்கள் போவது இன்னும் தேவை.

போக வேண்டிய இடமும் தொலைவில் இல்லை. நம் மாவட்டத்து முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. அங்குள்ள படகுத் துறையை அறியாதார் இல்லை. அந்த நிறுவனத்தை என் வகுப்பில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. அரசு நிறுவனமோ அரசுப் பல்கலைக்கழகமோ நடத்தினால்தான் எங்கள் வீட்டார் கட்டணம் செலுத்த முடியும். ஆகவே அரசு கல்வியியல் கல்லூரிகள் அனைத்திலும் இப்படிப்பு இடம்பெற வேண்டும். படித்தவர்க்குக் காலமுறை ஊதியத்தில் பணியும் வேண்டும்.

உறவினரின் இரண்டாவது வாக்கியத்தில் உண்மை உண்டு. என் தந்தையும் அதையேதான் கேட்கிறார். அவருக்கு இன்னும் முழு விடை சொல்ல என்னால் இயலவில்லை. பருவத் தேர்வு முடிந்ததும் செங்கற்பட்டு, திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாக முட்டுக்காடு போய் வருவதென்று இருக்கிறேன். அவரையும் உடன் அழைத்திருக்கிறேன்.