உயிரை அளக்காத மண்வள அட்டை

மண்வள அட்டைத் திட்டத்தை 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் பிரதமர் தொடங்கிவைத்தார். பத்தாண்டுகள் தாண்டிவிட்டன. கோடிக்கணக்கில் அச்சடித்துக் கொடுத்த அந்த அட்டையில் பன்னிரண்டு கட்டங்கள் உண்டு: தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம். இந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட மண்ணில் உயிர் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று கேட்பதில்லை. சமையற்கட்டில் அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று கணக்கெடுத்துவிட்டு, சமைக்க ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் திரும்பி வருகிற சோதனை இது. ஒன்றிய வேளாண் அமைச்சகமும் அதன் வழியிலேயே நடக்கும் மாநில வேளாண்மைத் துறைகளும் இத்தனை ஆண்டுகளாக இதைத் திருத்தாமல் விட்டதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இது விடுபட்டுப்போன சின்ன விஷயம் அல்ல. உழவர் வீசுகிற யூரியாவையே எடுத்துக்கொள்வோம். யூரியாவை வேர் பெரும்பாலும் அப்படியே உறிஞ்சிக்கொள்வதில்லை. மண்ணின் நுண்ணுயிர்கள் சுரக்கும் யூரியேஸ் என்ற நொதி முதலில் அதை உடைத்து அம்மோனியமாக்க வேண்டும். அந்த அம்மோனியத்தை நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், நைட்ரோபாக்டர் போன்றவை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டி இந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். ஆலையில் செய்து மூட்டையில் வரும் உரம்கூட நுண்ணுயிரின் கை படாமல் பயிருக்குப் போய்ச் சேர்வதில்லை என்பது நூற்றாண்டைத் தாண்டிய அறிவு. நம் அட்டைக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை.

நெல் வயலில் கதை இன்னும் சிக்கலானது. தேங்கிய தண்ணீருக்கு அடியில், மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும் ஆக்சிஜன் இருக்கும். அதற்குக் கீழே கருஞ்சேறு, அங்கே ஆக்சிஜன் இல்லை. மேலடுக்கில் உருவாகும் நைட்ரேட் கீழே இறங்கியதும், ஆக்சிஜனுக்குப் பதில் அதையே சுவாசிக்கும் பாக்டீரியாக்களிடம் சிக்கி நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் வானத்துக்குப் போய்விடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் நைட்ரஸ் ஆக்சைடு ஒவ்வொரு கிலோவும் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 273 மடங்கு புவியைச் சூடாக்கும். இன்னொரு பங்கு நீரின் மேலிருந்தே அம்மோனியாவாக ஆவியாகிறது. இப்படிப் போனது போக, வயலில் இட்ட தழைச்சத்தில் நெற்பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 விழுக்காடுதான்.

மீதிப் பசியை யார் ஆற்றுகிறார்கள்? நைட்ரஜன்-15 என்ற அடையாளமிட்ட அணுவைக் கலந்து நடத்திய ஆய்வுகள் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டன. உரம் இட்ட வயலிலும்கூட, நெற்பயிரில் உள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் மண்ணின் சொந்தக் கையிருப்பிலிருந்து வருகிறது. அந்தக் கையிருப்பு மட்கில் கட்டுண்டு கிடப்பது. நுண்ணுயிர் அதை அவிழ்த்துவிட்டால்தான் பயிருக்குக் கிடைக்கும். வயல் நீரில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது என்பதை விஞ்ஞானி பி. கே. டே 1939-லேயே நிறுவினார். அதாவது நெல்லுக்குச் சோறு போடுவதில் பெரும்பங்கு நுண்ணுயிருடையது. அதைப் பற்றி ஒரு வரி இல்லாத அட்டையை வைத்துக்கொண்டு ஏக்கருக்கு இத்தனை கிலோ யூரியா என்று பரிந்துரைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு எடை போடுவதுதான்.

கரிமத்தின் கணக்கும் நுண்ணுயிர் கையில்தான் இருக்கிறது. காற்றிலும் தாவரங்களிலும் உள்ள மொத்தக் கரிமத்தைவிட உலகின் மண்ணில் அதிகக் கரிமம் உள்ளது. மண்ணில் விழும் வைக்கோல், வேர், சருகு எல்லாவற்றையும் தின்று ஒரு பங்கைக் கரியமில வாயுவாக மூச்சு விடுவதும், இன்னொரு பங்கைத் தன் உடலாக்கிக்கொள்வதும் பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். அவை செத்த பிறகு அந்த உடல் மிச்சங்கள் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிலைக்கின்றன. மண்ணில் நிலைத்து நிற்கும் கரிமத்தில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான் என்று இப்போதைய மண்ணியல் சொல்கிறது. மண்ணில் கரிமத்தைச் சேர்க்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறவர்கள், அதைச் சேர்த்து வைக்கிற உயிர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.

காவிரி டெல்டாவில் நடப்பதைப் பாருங்கள். அறுவடை எந்திரம் போன பிறகு வயலில் நிற்கும் தாளையும் சிதறிய வைக்கோலையும் கொளுத்தாதீர்கள், மடக்கி உழுங்கள் என்கிறோம். சரியான அறிவுரைதான். ஆனால் வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 முதல் 80 பங்கு கரிமம் இருக்கிறது. நுண்ணுயிரின் உடலில் அது ஒன்றுக்கு எட்டு என்ற அளவை ஒட்டியே இருக்கும். இந்தப் பள்ளத்தை நிரப்ப, வைக்கோலைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தைப் பயிருக்கு முன்னால் இழுத்துக்கொள்கின்றன. உழுத கையோடு நட்டால் பயிர் மஞ்சளிக்கும். பதறிப்போன உழவர் இன்னொரு மூட்டை யூரியாவை வாங்கிக் கொட்டுவார். இரண்டு மூன்று வாரம் முன்னதாக மடக்கி உழுதால் இந்தச் செலவு இல்லை. தழைச்சத்து ‘குறைவு’ என்று மட்டும் அச்சடிக்கும் அட்டையைப் பார்த்து, அந்தச் சத்து இல்லாமல் போனதா, நுண்ணுயிரின் உடலில் சில வாரம் தங்கியிருக்கிறதா என்று யாரால் சொல்ல முடியும்?

ஆய்வுக்கூடத்துக்குள் போய்ப் பார்த்தால் கோபம் இன்னும் கூடுகிறது. 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி எடுத்த மண்ணை நிழலில் உலர்த்தி, இடித்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்கிறார்கள். கரிமத்துக்கு, பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் ஊற்றும் வாக்ளி-பிளாக் முறை. அது 1934-இல் வந்தது. தழைச்சத்துக்கு, காரம் கலந்த பெர்மாங்கனேட்டில் காய்ச்சி வடிக்கும் சுப்பையா-அசிஜா முறை. அது 1956-இல் வந்தது. மட்கில் எளிதில் அவிழக்கூடிய தழைச்சத்து எவ்வளவு என்பதை ஒரு ரசாயனத்தைக் கொண்டு ஊகிப்பதுதான் இந்த இரண்டாவது முறையின் அடிப்படை. நுண்ணுயிர் செய்யும் வேலையை ரசாயனத்தைச் செய்யவைத்துப் பார்க்கிறோம், நுண்ணுயிரைப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்துக்கு அது நல்ல முறை. அதை வகுத்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கேயே நின்றுவிட்டவர்களைத்தான் குறை சொல்கிறோம்.

அங்ககக் கரிமம் அட்டையில் இருக்கிறதே என்று துறை பதில் சொல்லலாம். இருக்கிறது. அது பழைய மட்கையும் நேற்று விழுந்த சருகையும் ஒரே கணக்கில் எழுதுகிறது. 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் இருந்தால் அதிகம், அவ்வளவுதான். அந்த மொத்த எண் நகர்வதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். கைக்காசைப் போட்டுத் தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுது, தொழுவுரமும் அடித்த ஒருவர் இரண்டு ஆண்டு கழித்து மண்ணைச் சோதித்தால் அட்டை அதே 0.4 என்று காட்டக்கூடும். அவர் வயலில் மண்புழு திரும்பியிருக்கும், மண் பொலபொலவென்று உதிரும். அட்டையோ அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சான்று கொடுக்கும். அடுத்த ஆண்டு அவர் தக்கைப்பூண்டு விதைப்பாரா?

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. எளிதில் சிதையும் கரிமத்தை மட்டும் அளக்கும் சோதனை ஒன்று உண்டு. நீர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் மண்ணைக் குலுக்கிச் சில நிமிடம் வைத்தால், அந்தக் கரிமம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு ஊதா நிறம் வெளிறும். நிறத்தை அளக்கும் கருவியில் வைத்து எண்ணைப் படித்துக்கொள்ளலாம். பெர்மாங்கனேட் நம் ஆய்வுக்கூடங்களின் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது! மண்ணின் மூச்சை அளப்பதும் கடினமில்லை. உலர்ந்த மண்ணை நனைத்ததும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு கரியமில வாயுவைக் குபீரென்று வெளிவிடும் என்பதை ஆப்பிரிக்க மண்ணை ஆராய்ந்த பிர்ச் 1958-இல் விரிவாக எழுதினார். கோடைப் புழுதியில் முதல் மழை விழுந்த பிறகு முளைத்தது தனிப் பச்சையாக நிற்பதைக் கண்ட நம் மானாவாரி உழவருக்கு இது புதுச் செய்தியும் அல்ல. உலர்த்திச் சலித்த அதே மாதிரியை நனைத்து, ஒரு புட்டியில் மூடி, ஒரு நாள் கழித்து வாயுவை அளந்தால் போதும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மண் சோதனையில் இவ்விரண்டும் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அந்நாட்டு வேளாண் துறையும் 2019-இல் பரிந்துரைத்த அளவைகளில் இவற்றைச் சேர்த்திருக்கிறது.

நுண்ணுயிர் எண்கள் ஈரத்துக்கும் பருவத்துக்கும் தக்கபடி ஏறி இறங்கும், அவற்றை வைத்து உர அளவு சொல்ல நம் மண்ணுக்கு ஏற்ற அட்டவணை வேண்டும் என்று விஞ்ஞானிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த அட்டவணையைத் தயாரிக்கும் பொறுப்பு யாருடையது? கோவையில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரச் சோதனைத் திடல் இருக்கிறது. நாடெங்கும் 1970 முதல் நடக்கும் நீண்டகால உரச் சோதனைகள் இருக்கின்றன. தழைச்சத்தை மட்டும் கொட்டிய பாத்திகளில் விளைச்சல் சரிந்ததும், சமச்சீர் உரத்தோடு தொழுவுரமும் பெற்ற பாத்திகள் தாக்குப்பிடித்ததும் அந்தத் திடல்களில் பதிவான உண்மைகள். அட்டவணைக்கு வேண்டிய மண் அங்கே காத்துக் கிடக்கிறது. அதை எடுத்து வேலை செய்ய ஆணையும் பணமும்தான் வரவில்லை.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2022-23-இல் மட்டும் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் வெளியே வைத்தார்கள். அதனால்தான் 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய்க்கும் 50 கிலோ டிஏபி 1,350 ரூபாய்க்கும் விற்கிறது. உழவர் யூரியாவை அள்ளி வீசுகிறார் என்று பாடம் நடத்துவதற்கு முன், இந்த விலையைப் பார்த்துவிட்டு வேறென்ன செய்வார் என்று அதிகாரிகள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். யூரியாவையும் அந்த மானியக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும். மிச்சமாகும் தொகை தொழுவுரத்துக்கும் பசுந்தாள் உரத்துக்கும் நேரடியாக உழவர் கைக்குப் போக வேண்டும். வேறெங்கும் போகக் கூடாது.

உயிர் உரத்தின் பெயரால் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, ரைசோபியம் ஆகியவை 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. பொடி வடிவில் இருந்தால் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பது விதி. வெயில் படாமல் குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லிப் பொட்டலத்தின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் யூரியா மூட்டைகளுக்கு நடுவே மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்தில் எத்தனை உயிரணு மிஞ்சும்? உழவர் கைக்குப் போகும் நாளில் எண்ணிப் பார்க்காமல், ஆலையை விட்டு வந்த நாளின் சான்றை நம்பி விற்பது உயிர் உரமல்ல, கரித்தூள்.

‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்ற பெயரில் தமிழக அரசு திட்டம் தொடங்கிப் பசுந்தாள் விதை கொடுப்பதை வரவேற்கிறோம். ஆனால் அந்த விதையால் மண்ணுயிர் பெருகியதா என்று அளக்காமல், எத்தனை ஏக்கருக்கு விதை போனது என்பதை மட்டும் சட்டப்பேரவையில் வாசிப்பதை ஏற்க முடியாது. டெல்லியின் அட்டை திருந்தும் வரை சென்னை காத்திருக்கத் தேவையில்லை. மண் பரிசோதனை நிலையங்கள் மாநில அரசின் கையில் இருக்கின்றன, கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதற்கட்டமாக டெல்டா மாவட்டங்களிலும், பசுந்தாள் விதை பெற்ற ஒவ்வொரு வயலிலும் எளிதில் சிதையும் கரிமத்தையும் மண்ணின் மூச்சையும் சேர்த்து அளந்து, அந்த இரண்டு எண்களையும் உழவர் கையில் தர வேண்டும். இறவையில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று எடுத்து, பக்கத்து வயலின் எண்ணை இவர் பெயரில் எழுதிக் கொடுக்கும் பழைய வேலை இதிலும் தொடரக் கூடாது. அடுத்த சம்பாவுக்கு மண் மாதிரி எடுக்கத் தொடங்கும் முன் இதற்கான அரசாணை வெளிவர வேண்டும்.